அப்பா ஒளித்த தாள்கள்

காலையில் கோட்டும் டையுமாக, அலுவலகத்துக்குப் போகிற எந்த அப்பாவையும் போலத்தான் கோதோ ககுஷி மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். வழியில் ஓரிடத்தில் நுழைந்து கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் மாட்டிக்கொள்கிறார். அவருடைய உண்மையான வேலையிடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. மைப் புட்டிகள், வெள்ளைத் தாள்கள், தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கும் உதவியாளர்கள். மாலையில் மறுபடி கோட்டு மாட்டி வீடு திரும்புகிறார். மகள் ஹிமேவுக்குப் பத்து வயது, நாலாம் வகுப்பு. அப்பா ஒரு சாதாரணக் கம்பெனி ஊழியர் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவர் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதை வரைகிறவர் என்பதும், பெரியவர்கள் முகம் சுளிக்கும் கொச்சையான நகைச்சுவை வரைந்துதான் பேர் வாங்கினார் என்பதும் அவளுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் தினசரி வேடம்.

'ககுஷிகோதோ' இப்படித்தான் தொடங்குகிறது. 2015 டிசம்பரில் கொதான்ஷாவின் மாத இதழான 'மந்த்லி ஷோனென் மேகஸின்' பக்கங்களில் புறப்பட்டு, 2020 ஜூலையில் பன்னிரண்டு தொகுப்புகளாக முடிந்தது. நடுவில் பன்னிரண்டு அத்தியாய அனிமே ஆனது, மறு வருடம் திரைக்கும் போனது. தலைப்பு ஜப்பானிய மொழியில் இரகசியத்தையும் குறிக்கும், வரையும் வேலையையும் குறிக்கும். இந்தப் படைப்பு நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஒருவரை வைத்துச் சிரிக்க வைப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பது புரியும்.

அனிமேயில் இந்த வகைக் குடும்பத்தினருக்குப் பஞ்சமே இல்லை. 2019-ல் வந்த ஒரு தொடரில், மகன் நுழைந்த விளையாட்டு உலகத்துக்குள் அம்மாவும் கூடவே போய்விடுகிறாள்; அவன் அடிக்க வேண்டிய எதிரிகளையெல்லாம் அவளே அடித்துத் தீர்க்கிறாள். 'ஸ்பை ஃபேமிலி'யில் இரகசியப் போலீஸில் வேலை பார்க்கும் தம்பி யூரி, அக்காவின் கணவனைக் கண்ணாலேயே எரிக்கிறான். தங்கையை நெருங்குகிற பையன்களை முறைக்கும் அண்ணன்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. என் பிள்ளை, என் அக்கா, கிட்டே வராதே என்பதுதான் இவர்கள் பேச்சின் சாரம். கோதோ ககுஷிக்கோ ஆபத்து அவரேதான். தன் பெயரையும் தன் தொழிலையும் தன் கையால் வரைந்த பக்கங்களையும் மகளின் கண்ணில் படாமல் காப்பதற்கே அவருடைய பொழுது சரியாகிவிடுகிறது. இந்த ஒரு திருப்பம்தான் மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்து உயரத்தில் வைக்கிறது என்று நினைக்கிறேன்.

கதை பிறந்த இடத்தைத் தேடினால் இதை வரைந்த குமேதா கோஜியின் பழைய நாட்களுக்குப் போக வேண்டும். 1967-ல் கனகாவா மாகாணத்தின் யோகோசுகாவில் பிறந்தவர். 1991-ல் ஷோகாகுகனின் 'வீக்லி ஷோனென் சண்டே' இதழில் ஒரு பனி ஹாக்கி அணியைப் பற்றிய தொடரைத் தொடங்கினார். விளையாட்டுக் கதையாகப் புறப்பட்டது சீக்கிரமே கொச்சை நகைச்சுவையாக மாறி, 1996 வரை ஓடி, 23 தொகுப்புகள் கண்டது. பத்து வயதுப் பெண் குழந்தையின் கையில் எந்த அப்பாவும் கொடுக்கத் தயங்கும் சரக்கு. ககுஷியின் பெயரைப் பரப்பியதாகக் கதைக்குள் வரும் மங்காவும் அதே ரகம். ஆண்கள் மாட்டும் இறுக்கமான கால்சட்டையை வைத்துச் செய்த கேலி. குமேதா தன் தொழிலில் கண்ட ஒரு கூச்சத்தை எடுத்து ஒரு அப்பாவின் வாழ்க்கையாக்கினார் என்று இதைப் படித்தவர்கள் யாரும் எளிதாக உணர முடியும்.

அதற்குப் பிறகு 1998 முதல் 2004 வரை 'கட்டே நி கைஸோ' வந்தது, 26 தொகுப்புகள். அடுத்து கொதான்ஷாவுக்கு மாறி 2005 முதல் 2012 வரை 'சயோனாரா ஸெட்சுபோ சென்செய்', 30 தொகுப்புகள். எதைக் கண்டாலும் நம்பிக்கை இழந்து தூக்குக் கயிற்றைத் தேடும் ஒரு பள்ளி ஆசிரியரின் கதை அது. 2007-ல் கொதான்ஷா மங்கா விருது பெற்றது. இந்த இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. வருடக்கணக்காக வாராவாரம் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு கதவைத் திறந்து காட்டினார் குமேதா. முதல் கதையின் கலகலப்பான கூட்டம் உண்மையில் ஒரு மனநல மருத்துவமனையின் நோயாளிகள். இரண்டாவதில், எப்போதும் நல்லதையே பார்க்கும் ஒரு மாணவி எப்போதோ இறந்துவிட்டவள். வகுப்புத் தோழிகளின் உடல்களில் அவளுடைய உறுப்புகள் வாழ்கின்றன. இத்தனை வருடச் சிரிப்புக்கும் அடியில் என்ன இருந்தது என்பதைக் கடைசி நிமிடம் வரை அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர், ஒளித்து வைப்பதையே பொருளாகக் கொண்ட கதையில் அதை முதல் பக்கத்திலேயே திறந்துவிட்டார். இதழில் வந்தது ஹிமேயின் பத்து வயதுக் கதை, கறுப்பு வெள்ளையில். அது நூலாகக் கட்டப்பட்டபோது, ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வண்ணப் பக்கங்கள் சேர்ந்தன. அவற்றில் ஹிமேவுக்குப் பதினெட்டு வயது. கையில் ஒரு சாவியுடன் கமகுராவில் ஷிசிரிகஹாமா கடற்கரைப் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு வருகிறாள். திறந்தால் உள்ளே அப்பா வரைந்த தாள்கள். இரகசியம் காக்கப்படவில்லை என்பது வாசகருக்கு எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. அப்பா அருகில் இல்லை என்பதும் தெரிகிறது. இனி இந்த மனிதர் மாலையில் அவசர அவசரமாகக் கோட்டு மாட்டுவதைப் பார்க்கும்போது வருகிற சிரிப்பு வேறு வகை. அவர் தோற்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டே அவர் பக்கம் நின்று சிரிக்கிறோம்.

அந்தத் தாள்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மங்காவின் மூலப் பக்கம் அச்சில் வருவதைவிடப் பெரியது. வழக்கமாக 257 மில்லிமீட்டர் அகலம், 364 மில்லிமீட்டர் உயரம் கொண்ட தடித்த வெள்ளைத் தாள். ஓரங்களில் அளவுகோடுகள் வெளிர் நீலத்தில் இருக்கும், அச்சுக்குப் படம் பிடிக்கும்போது அந்த நீலம் விழாது. பென்சிலில் கோடு போட்டு, மையைத் தொட்டு எழுதும் முள் பேனாவால் மேலே இழுத்து, காய்ந்த பிறகு பென்சிலை அழிப்பார்கள். நிழல் வேண்டிய இடத்தில் புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டி, கத்தி முனையால் சுரண்டி மேகமோ வெளிச்சமோ வரவழைப்பார்கள். தவறிய கோட்டின் மேல் வெள்ளை மை. அச்சான இதழை ரயிலில் படித்துவிட்டு அங்கேயே விட்டுப் போவார்கள். ஆனால் இந்த மூலத்தாள் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அச்சு முடிந்ததும் வரைந்தவரிடம் திரும்பி வர வேண்டியது. வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. ரைகு மகோதோ என்ற ஓவியர் தன் வண்ண மூலங்கள் ஐந்து தொலைந்துபோனதற்காக 2008-ல் ஷோகாகுகன் மீது வழக்குப் போட்டார். அதே வருடம் 25 லட்சத்து 50 ஆயிரம் யென்னுக்குச் சமரசமாயிற்று. வரைகிறவர்களுக்கு இந்தத் தாள் எவ்வளவு பெரிய சொத்து என்பதை ஜப்பான் அப்போது நேராகப் பார்த்தது. ககுஷி அப்படிப்பட்ட சொத்தைத்தான் மகளுக்காகக் கண் மறைவில் பூட்டி வைக்கிறார்.

அவருடைய பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 1955 வாக்கில் ஜப்பானில் தாய்மார் அமைப்புகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கெட்ட புத்தகங்களை விரட்டக் கிளம்பியபோது புகழ்பெற்ற மங்கா படைப்பாளி தெசுகா ஒசாமுவே தப்பவில்லை. 1968-ல் பிறந்த 'ஷோனென் ஜம்ப்' இதழில் நாகாய் கோ பள்ளிக்கூடத்தை வைத்து வரைந்த கொச்சைக் கேலித் தொடருக்கு எதிராக நாடெங்கும் பெற்றோர் சங்கங்கள் கொதித்தன. மங்கா பிற்பாடு நாட்டின் பெருமையாகிவிட்டது, அருங்காட்சியகம் ஏறியது. ஆனாலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கூடும் இடத்தில், உன் அப்பா என்ன வரைகிறார் என்ற கேள்விக்கு எல்லாப் பதிலும் ஒரே மதிப்புப் பெறுவதில்லை. ககுஷியின் மூளை அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. மகளுக்குத் தெரிந்தால் பள்ளியில் கேலி செய்வார்கள், கேலி செய்தால் அவள் மனம் ஒடிவாள், ஒடிந்தால் வீட்டை விட்டே போய்விடுவாள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வொரு படியும் அவருக்கு நடந்து முடிந்த மாதிரியே தெரியும்.

நகைச்சுவையின் இயக்கம் இதிலிருந்துதான் வருகிறது. பதிப்பாசிரியரான இளைஞர் தொமருஇன் வாயைத் திறந்தாலே ஏதாவது உடையும். இரகசியத்தின் விளிம்பில் அவர் தெரியாமலேயே நடந்துகொண்டிருப்பார். ஹிமேயின் தோழிகள் நகாமேகுரோ வட்டாரத்தில் ஒரு சிறுமியர் துப்பறியும் குழு நடத்துகிறார்கள். துப்பறிகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து போனால் ஒளிக்கிறவர் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதவியாளர்களின் பெயர்கள் கூட இந்தத் தொழிலின் அன்றாடப் பேச்சிலிருந்து கோர்த்தவை. மையைச் சிந்தாதே என்று ஒரு பெயர், குறுக்குக்கோடு என்று ஒன்று. இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. மகளைப் பற்றி ககுஷி உருகிப் பேசும் பேச்சைக் கேட்கும் பெண்கள் ஒவ்வொருவராக, அது தங்களிடம் சொன்ன காதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பு ஆசிரியையும் விலக்கில்லை. ககுஷிக்கோ எதுவும் தெரியாது, மகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் விழுவதில்லை. மனைவி கடலில் காணாமல் போனவள் என்பது தெரிய வரும்போது அந்தக் குருட்டுத்தனத்தின் காரணமும் விளங்குகிறது. தாயில்லாத வீட்டில் இன்னொரு இழப்பு வரக் கூடாது என்று ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம், அவர் வரைவதை நிறுத்தும் இடம். மகள் கண்டுபிடித்ததால் நிறுத்தவில்லை. மனைவி கடலில் காணாமல் போன செய்தி வார இதழ்களில் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட துயரத்தைச் சுமந்துகொண்டா எங்களைச் சிரிக்க வைத்தார் என்று ஊர் இரங்குகிறது. அந்த இரக்கம் அவருடைய தொழிலைக் கொன்றுவிடுகிறது. ஒருவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்துவிட்டால் பிறகு அவர் வரைந்த கொச்சைக் கேலிக்கு வாய்விட்டுச் சிரிக்க முடியாது. நகைச்சுவைக்காரர்கள் ஏன் தங்கள் வீட்டைத் தொழிலிலிருந்து தள்ளியே வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறு கதையில் பார்த்ததில்லை. அவர் மகளிடம் மறைத்தது தொழிலை. வாசகரிடம் மறைத்தது வீட்டை. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி நடுவில் நின்றவரின் ஒரு சுவர் விழுந்ததும் நிற்க இடமில்லாமல் போகிறது. பேனாவை வைத்துவிட்டு உடலுழைப்புக்குப் போகிறார். அங்கே சரக்கு சரிந்து அவர் மேல் விழுகிறது.

காகிதத்தை விட்டு அனிமேக்கு வரும் வேலை அஜியா-தோ என்ற கலைக்கூடத்துக்குப் போயிற்று. ஷிபயாமா சுதோமுவும் கொபயாஷி ஒசாமுவும் 1978-ல் தொடங்கிய நிறுவனம் அது. ஷிபயாமா 'டோரேமான்' தொடரைப் பல வருடம் தலைமை ஏற்று இயக்கியவர். நம்மூர்ப் பிள்ளைகள் தமிழ்க் குரலில் பார்த்துச் சிரித்த நொபிதாவின் வீட்டுக்குள் அவர் கையும் உண்டு. சின்னப் பிள்ளையின் ஒரு நாள் பொழுதைக் காட்டத் தெரிந்த கூடம் என்பதால் ககுஷிகோதோவுக்கு அது பொருத்தமான வீடு. இயக்கம் முரானோ யூதா. குமேதாவின் கோடு மெல்லியது, நிழல் தட்டையானது, முகங்களில் தேவைக்கு மேல் ஒரு கோடு இருக்காது. அதை நிரப்பிப் பெரிதாக்காமல், வெளிச்சமான வெளிர் நிறங்களை மட்டும் பூசி அப்படியே நகர விட்டார்கள். ககுஷிக்குக் குரல் கொடுத்தவர் காமியா ஹிரோஷி. முன்பு நம்பிக்கை இழந்த அந்த ஆசிரியருக்கும் அவர்தான் குரல். ஹிமேயின் பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் தகஹாஷி ரியே ஒருவரே பேசினார். ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஹிமேக்களும் வருவது, எட்டு வருட இடைவெளியை எந்த விளக்கமும் இல்லாமல் காதுக்குச் சொல்லிவிடுகிறது.

முதல் அத்தியாயம் 2020 ஏப்ரல் 2 அன்று ஒளிபரப்பானது. ஐந்தாம் நாள் ஜப்பான் அரசு தோக்கியோவையும் வேறு ஆறு மாகாணங்களையும் சேர்த்து நெருக்கடி நிலை அறிவித்தது. அந்தப் பருவத்தில் பல தொடர்கள் பாதியில் நின்றன, சில அடுத்த பருவத்துக்கே தள்ளிப்போயின. ககுஷிகோதோ வாரம் தவறாமல் ஓடி ஜூன் 18-ல் பன்னிரண்டாவது அத்தியாயத்தோடு முடிந்தது. அந்த மாதங்களில் அம்மா அப்பாக்களின் வேலை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அவர்கள் யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள், எதற்குத் திட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். வேலையைப் பிள்ளையின் கண்ணுக்கு மறைக்க ஒரு அப்பா ஊரைச் சுற்றி உடை மாற்றும் கதை அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் அதன் வலி அந்த வருடம் சீக்கிரம் புரிந்திருக்கும்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வந்த பாட்டுக்குத் தனிப் பயணம் உண்டு. அனிமேக்கென்று புதிதாக எழுதியது அல்ல. ஓதாகி எய்இச்சி 1981 மார்ச் 21 அன்று வெளியிட்ட 'எ லாங் வெக்கேஷன்' இசைத்தொகுப்பின் முதல் பாட்டு அது. வரிகள் எழுதியவர் மட்சுமோட்டோ தகாஷி. எழுபதுகளின் தொடக்கத்தில் 'ஹாப்பி எண்ட்' குழுவில் ஓதாகியோடு சேர்ந்து இசைத்தவர். தொகுப்பு உண்மையில் 1980 ஜூலையில் வர வேண்டியது. அந்த நேரத்தில் மட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனார். சிறு வயதிலிருந்தே இதயம் பலவீனமான தங்கை. ஷிபுயா தெருவில் நடந்தபோது கண்ணில் பட்டதெல்லாம் நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று மட்சுமோட்டோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எழுத முடியவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றவரிடம், நீ எழுதும் வரை தள்ளி வைக்கிறேன் என்றார் ஓதாகி. தள்ளியும் வைத்தார். அப்படிக் காத்திருந்து கிடைத்த பாட்டு, நிறமிழந்த ஒரு நினைவுக்கு மறுபடி நிறம் கேட்கிறது. மெட்டோ கோடை வெயில் மாதிரி துள்ளுகிறது. நாகாய் ஹிரோஷி வரைந்த அந்தத் தொகுப்பின் அட்டையில் நீலக் குளமும் பனைகளும் உண்டு. ஒரு மனிதர் கூடக் கிடையாது. கேட்கிற பலருக்கு இது ஒரு அண்ணன் தன் தங்கைக்காக எழுதியது என்று தோன்றவே தோன்றாது.

ஓதாகி 2013 டிசம்பரில் காலமானார். பாட்டு பிறந்து முப்பத்தொன்பது வருடம் கழித்து, கடலில் மனைவியைத் தொலைத்த ஒரு அப்பாவின் கதைக்கு முடிவுப் பாட்டாக வந்து உட்கார்ந்தது. இவ்வளவு சரியாகப் பொருந்திய முடிவுப் பாட்டு எனக்கு வேறு நினைவில்லை. துயரத்தைத் துள்ளலுக்கு அடியில் வைத்தவர்கள் செய்ததும், குமேதா செய்ததும் ஒரே காரியம். குமேதாவின் நூல்களில் நிறம் மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்தது: இழப்பின் நாட்கள் வண்ணத்தில், மகிழ்ந்த நாட்கள் கறுப்பு வெள்ளையில்.

கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். நினைவற்றுக் கிடந்த ககுஷி கண் விழிக்கிறார். ஆனால் இடைப்பட்ட வருடங்கள் அவரிடம் இல்லை. அவருக்கு மகள் இன்னும் பத்து வயதுப் பிள்ளை. பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண் யாரென்று தெரியவில்லை, ஹிமே எங்கே என்று அவளிடமே கேட்கிறார். பொத்திப் பாதுகாத்த குழந்தையை ஒரு மனம் உண்மையிலேயே வளர விடாமல் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும் என்பதைப் பதினோரு வாரம் சிரித்த பிறகு இங்கே பார்க்கிறோம். அவர் அங்கேயே இருந்துவிடலாம். அங்கே அவர் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார். ஹிமே அவரை அங்கே விட்டுவைக்கவில்லை. கமகுரா வீட்டில் அவள் கண்டெடுத்த தாள்களை, அவள் கண்ணில் படவே கூடாது என்று அவர் பாடுபட்டு மறைத்த அதே கையெழுத்தை, அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். தான் வரைந்ததைப் படித்துப் படித்துத்தான் அப்பா திரும்பி வருகிறார். மகளுக்கு அவமானம் என்று அவர் எண்ணியிருந்ததில் மகள் ஒரு வரியைக் கூட அவமானமாகப் பார்க்கவில்லை.

இதழில் கடைசிப் பகுதி 2020 ஜூலையில் வெளிவந்தது. அனிமே முடிந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. காகிதமும் திரையும் ஒரே முடிவை நோக்கிப் பக்கத்துப் பக்கத்தில் நடந்து சேர்வது இந்தத் தொழிலில் அபூர்வம். பெரும்பாலும் அனிமே பாதியில் நின்றுவிடும், மீதியை வாசகர் வருடக்கணக்கில் தேடிப் படிக்க வேண்டும். 2021 ஜூலை 9 அன்று தொடரைத் தொகுத்த திரைப்படம், தொடரில் இல்லாத காட்சிகளும் சேர்ந்து, ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது.

அதே வருடம் குமேதா 'வீக்லி ஷோனென் சண்டே'க்குத் திரும்பினார். 2004-ல் விட்டுப் போன இதழ். கொச்சைக் கேலி வரைந்து அவர் பேர் எடுத்ததும் அங்கேதான். பதினேழு வருடம் கழித்து அங்கே தொடங்கிய கதை, ஷிபுயாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது.